பாரத்தை எங்கே, எப்படி இறக்குவது: விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு கோலாலம்பூர் வழிகாட்டி

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." மத்தேயு 11:28. ஆலயப் பக்கமே போகாத தமிழர்கள்கூட இந்த வசனத்தை ஒரு துக்க வீட்டிலோ ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலோ கேட்டிருப்பார்கள். அதற்கு அடுத்த வசனம் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார் இயேசு. இளைப்பாற வந்தவனிடம் ஒரு நுகத்தடியைக் காட்டுகிறார். நுகத்தில் இரண்டு மாடுகள் பூட்டப்படும். பழக்கமில்லாத மாடு பழகிய மாட்டோடு நடந்து நடந்து வேலையைக் கற்றுக்கொள்ளும். இந்த வாக்குத்தத்தத்துக்குள் ஒரு பயிற்சியும் இருக்கிறது.

புதிதாக வருபவர்களிடம் "பாரத்தை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுப்பது குறைவு. அவர்கள் ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். கார் தவணைக் கடிதம் மேசையிலேயே கிடக்கிறது, அம்மாவின் சர்க்கரை இறங்கவில்லை, கணவர் பேசவில்லை. "என் விசுவாசம்தான் போதவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இருந்த சுமையோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: ஒரு தாள், மூன்று அடையாளம்

ஜெபத்துக்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். கைத்தொலைபேசியில் வேண்டாம், அதில் எழுதத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் இருப்பீர்கள். மனத்தை அழுத்துகிற எல்லாவற்றையும் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். 20 நிமிடம் போதும். "குடும்பப் பிரச்சினை", "பணக் கஷ்டம்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. யார், எவ்வளவு, எப்போது என்பது இருக்க வேண்டும்.

பிறகு கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. மூன்று வரி தள்ளி 5-ஆம் வசனம் அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. முதன்முறை வாசிப்பவருக்கு இது முரணாகத் தெரியும். இந்தக் கடிதத்தின் ஆசிரியர் பவுல் இரண்டையும் தெரிந்தேதான் எழுதினார்: பகிர வேண்டிய பாரம் உண்டு, நாமே சுமக்க வேண்டியதும் உண்டு. இவற்றோடு 1 பேதுரு 5:7-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." ஆக மூன்று இடங்கள். நான் செய்ய வேண்டியதற்குக் 'கை' என்று குறியுங்கள். சகோதர சகோதரிகளோடு பகிர வேண்டியதற்குத் 'தோள்'. மனிதன் கையில் இல்லாததற்குப் 'பாதம்', அதாவது ஆண்டவரின் பாதம்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு வரிக்கு ஒரு அடையாளம் போடப் பார்க்கிறார்கள், முடியவில்லை. ஒரு பாரம் என்பது பெரும்பாலும் ஒரே துண்டாக இருப்பதில்லை. அதை உடைக்க வேண்டும்.

செந்தூலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாளில் முதல் வரி: "அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்." ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், போக வர நேரம் தனி. இதை உடைத்தால்: மருந்துகளை வாரப் பெட்டியில் பிரித்து வைப்பது, தண்ணீர் அளவைக் கவனிப்பது, அடுத்த மருத்துவர் தேதியைக் குறித்து வைப்பது எல்லாம் கை. மூன்று நாளில் ஒரு நாளாவது காரில் கூட்டிப்போக ஆள் தேடுவது தோள். ஆலயத்தில் ஓய்வுபெற்ற யாராவது இருப்பார்கள். கேட்காததால்தான் வராமல் இருக்கிறார்கள். அம்மா இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்பது பாதம். இத்தனை நாள் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகத் தலையில் வைத்திருந்தீர்கள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மூன்றாவது துண்டுதான். ஆனால் உடல் சோர்வது இரண்டாவதால்.

இரண்டாவது வரி: "மகனுக்கு எஸ்.பி.எம். தேர்வு வருடம், படிப்பதில்லை." அவன் அறைக்குள் இரவு 11 மணிக்கு மேல் கைத்தொலைபேசி இருக்கக் கூடாது என்ற விதி கை. ஆலய இளையர் குழுவில் அவன் மதிக்கும் ஓர் அண்ணனிடம் பேசச் சொல்வது தோள். அவன் மனம் திரும்புவது பாதம். மகனின் மனத்தையே தன் கையால் திருப்பப் பார்க்கும் பெற்றோர்தான் நாள்தோறும் வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வரி: "மேலாளர் வேலையைவிட்டு எடுத்துவிடுவாரோ?" இதில் கை என்பது சிறியது: வேலையை ஒழுங்காகச் செய்வது, சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் ஓர் உறையில் பத்திரப்படுத்துவது. மீதி முழுவதும் பாதம். மத்தேயு 6:34 நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று சொல்வது இந்த மாதிரி வரிகளுக்குத்தான்.

தாளில் தோள் என்ற அடையாளமே இல்லையென்றால் நிறுத்தி மறுபடி பாருங்கள். நம் மக்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்ற பயம் தோளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் கைக்கும் பாதத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். எண்ணாகமம் 11-இல் மோசேயே இந்த ஜனங்களை நான் ஒருவனாகத் தாங்க முடியாது என்று கடவுளிடம் சொன்னார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. 70 மூப்பரைக் கூட்டிவரச் சொன்னார்.

இரண்டாவது படி: பாதத்தில் வைக்கிற ஜெபம்

பாதம் என்று குறித்தவற்றை மட்டும் இந்த ஜெபத்துக்கு எடுங்கள். நேரம் 10 முதல் 15 நிமிடம். காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்போ, இரவு வேலை முடிந்து வந்து குளித்த பிறகோ, தினமும் ஒரே நேரமாக இருந்தால் பழக்கம் பிடிக்கும். பெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும்போது ஜெபிப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். கண்ணும் காதும் சாலையில் இருக்க வேண்டிய நேரம் அது.

ஜெபத்துக்கு மாதிரி தேடினால் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இது திருப்பாடல்கள் என்ற நூலில் இருக்கும். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் தாவீது முறையிடுகிறார். "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். அடுத்த இரண்டில் வேண்டுகிறார். கடைசி இரண்டில் நம்பிக்கையை அறிக்கையிடுகிறார். இந்த வரிசையை அப்படியே பின்பற்றுங்கள்.

முறையீட்டுக்கு ஐந்து நிமிடம். அழகான வார்த்தை தேட வேண்டாம். "ஆண்டவரே, அம்மாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனை மாதம் இப்படியே? நான் களைத்துப்போய்விட்டேன், உம்மேலும் கோபமாக இருக்கிறது." இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கட்டும். அது முறையீட்டில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் நீக்கிவிடாமல் வைத்திருக்கிறது.

வேண்டுதலுக்கு மூன்று நிமிடம். குறிப்பாகக் கேளுங்கள். "ஆசீர்வதியும்" என்பதைவிட "இந்தச் செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனையில் நல்ல பதில் தாரும், அப்படி இல்லையென்றால் அதைத் தாங்கும் மனம் தாரும்" என்பது மேல். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தெரியப்படுத்தச் சொல்கிறது. அதனால் ஒரு நன்றியும் சேரட்டும், உண்மையான ஒன்று, சின்னதாக இருந்தாலும்.

கடைசியில் ஒப்படைப்பு. தாளில் அந்த வரியின்மேல் கையை வைத்து, "இது இனி உம்முடையது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆமென் சொன்னதும் எழுந்து கை என்று குறித்தவற்றில் ஒன்றைச் செய்யுங்கள். மருந்துப் பெட்டியை நிரப்புவதாக இருக்கட்டும், ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கட்டும். இந்த இணைப்பை விட்டுவிடாதீர்கள். கை சும்மா இருந்தால் மனம் திரும்பப் போய்ப் பாதத்தில் வைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

பல மணி நேரம் முழங்காலில் இருந்தும் மனம் லேசாகவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஜெபத்தின் பெயரில் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே காட்சியைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிக்கொண்டு இடையிடையே "ஆண்டவரே" என்று சேர்ப்பது கவலைதான். நேர அளவு வைப்பது அதற்காகத்தான். 15 நிமிடம் ஆனால் எழுந்துவிடுங்கள். கவலை மாலையில் திரும்ப வந்தால் முழு ஜெபத்தையும் மறுபடி தொடங்க வேண்டாம். "இதைக் காலையில் உம்மிடம் கொடுத்துவிட்டேன்" என்ற ஒரு வரி போதும். ஒரு நாளில் முப்பது முறை சொல்ல நேர்ந்தாலும் பரவாயில்லை.

நேர்ச்சை பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை 26-ஐ ஒட்டிப் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் நடக்கும் புனித அன்னாள் திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஏராளமான தமிழர்கள் போகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிப் பாரத்தைச் சொல்லி அழுதுவிட்டு வருவது நல்ல காரியம். "இதைச் செய்தால் அதைத் தருகிறேன்" என்று பேரம் பேசுவது வேறு. பிரசங்கி 5:5 சொல்வதுபோல, நேர்ந்துகொண்டு செய்யாமல் இருப்பதைவிட நேராமல் இருப்பதே நலம். நிறைவேற்ற முடியாத நேர்ச்சை பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் பயமாகத் தங்கிவிடுகிறது. அப்படி ஒன்று இருந்தால் பங்குத் தந்தையிடம் சொல்லுங்கள். அதை எப்படி மாற்றுவது, எப்படி விடுவிப்பது என்று வழிகாட்டுவார்.

மூன்றாவது படி: கடன்

இதைத் தனியாக, நீளமாகச் சொல்லியாக வேண்டும். ஜெபக் குறிப்புச் சீட்டுகளில் "பொருளாதார விடுதலை" என்று எழுதப்படுவது பெரும்பாலும் கடன்தான். நீதிமொழிகள் 22:7 கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்கிறது. இந்த அடிமைத்தனத்திலிருந்து வெளியே வருவதற்கு ஜெபமும் வேண்டும், கணக்கும் வேண்டும். இது பெரும்பகுதி கை.

தாளின் பின்பக்கத்தில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, மொத்தம் எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் நிலுவை. மனைவிக்குத் தெரியாத கடனும் கணவனுக்குத் தெரியாத கூட்டுச் சீட்டும் இந்தத் தாளில் வர வேண்டும். மறைத்து வைத்த கடன் பணத்தைவிடப் பெரிய பாரம்.

கடன் அட்டையில் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவர்கள் கவனிக்க: அது பாக்கியில் 5 விழுக்காடுதான், வட்டியோ ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. கட்டுவதில் நல்ல பங்கு வட்டிக்கே போய்விடும், கடன் நகராது. கார் தவணையில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் பிரச்சினை தொடங்குகிறது. 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி வண்டியை இழுப்பதற்கு முன் எழுத்துப்பூர்வமான அறிவிப்பும் 21 நாள் அவகாசமும் தர வேண்டும். அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரிக்குள் போடுபவர்கள் அந்த 21 நாளையும் இழக்கிறார்கள். பிரித்து, முன்னால் வைத்து ஜெபித்துவிட்டு, மறுநாளே வங்கியைக் கூப்பிடுங்கள்.

வங்கிக் கடன்கள் கைமீறிவிட்டால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. ஆலோசனை இலவசம். வங்கிகளோடு பேசி, எல்லாத் தவணைகளையும் உங்கள் வருமானத்துக்கு ஏற்ற ஒரே மாதத் தொகையாக மாற்றும் திட்டமும் அவர்களிடம் உண்டு. அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், கடன் அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட ஒரு ஆலய நண்பரை அழைத்துப்போனால், அதுவே தோள்.

ஆ லோங் எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரரின் கடனை ஏ.கே.பி.கே. எடுத்துக்கொள்ளாது. 1951-ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டப்படி உரிமம் பெற்றவர்கூட அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. வாரத்துக்கு இத்தனை என்று வட்டி கேட்பவர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். மிரட்டல் வந்தால் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து போலீஸ் புகார் செய்யுங்கள். ஒரு ஆ லோங்கை அடைக்க இன்னொரு ஆ லோங்கிடம் போவதை இன்றே நிறுத்துங்கள். குடும்பத்தில் யாரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். தனியாக இதைச் சுமப்பவர்கள்தான் விபரீத முடிவுக்குப் போகிறார்கள்.

இனி ஜாமீன். தம்பிக்கு, மச்சானுக்கு, வேலையிடத்து நண்பனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்காமல் இருக்கும் தமிழர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் முதல் ஐந்து வசனம் நேராக இதைப் பற்றியதுதான். காத்திரு என்று அது சொல்லவில்லை. போ, உன்னைத் தாழ்த்து, வருந்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே என்கிறது. ஆகவே கடன் வாங்கியவரிடம் நேரில் போய்த் தவணை ரசீதுகளைக் கேளுங்கள், நிலுவை உண்டா என்று வங்கியிடம் விசாரியுங்கள், ஜாமீனை மாற்ற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த கையெழுத்தைக் கேட்டு வருபவரிடம் "முடியாது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதும் விசுவாசம்தான்.

காணிக்கை பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். கடனிலிருந்து விடுதலை வேண்டுமானால் விதைக் காணிக்கை போடுங்கள், இத்தனை வெள்ளி (ரிங்கிட்) விதைத்தால் பல மடங்கு திரும்பும் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கொடுப்பது நல்லது, தசமபாகம் கொடுப்பவர்கள் மகிழ்ச்சியாகக் கொடுக்கட்டும். ஆனால் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் காசையோ கடன் வாங்கிய காசையோ மேடையில் வைக்கச் சொல்பவர் உங்கள் பாரத்தைக் கூட்டுகிறார். 2 கொரிந்தியர் 9:7 விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று சொல்வதை அவருக்கே காட்டலாம்.

நான்காவது படி: தோள் கிடைக்கும் இடம்

கோலாலம்பூரில் தமிழ் ஆலயங்களுக்குப் பஞ்சமில்லை. கத்தோலிக்கர்களுக்குப் புடு பக்கம் ஜாலான் ராபர்ட்சனில் அந்தோணியார் ஆலயம், செந்தூலில் சூசையப்பர் ஆலயம். பிரிக்ஃபீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயமும் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் இருக்கின்றன; கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். இவை தவிர அடுக்குமாடிக் கடைவீடுகளில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகள் ஏராளம். வழிபாட்டு நேரங்கள் மாறுவதுண்டு. முன்கூட்டியே அலுவலகத்துக்கு அழைத்துத் தமிழ் வழிபாடு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எதுவும் கொண்டுபோக வேண்டாம். காணிக்கைப் பை வரும்போது போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. கத்தோலிக்கத் திருப்பலியில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவது திருமுழுக்குப் பெற்றுத் தயாரானவர்களுக்கு. நீங்கள் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது வரிசையில் போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் குருவானவர் ஆசீர் தருவார். மற்றச் சபைகளில் திருவிருந்து நாளில் என்ன வழக்கம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே ஞாயிறில் முடிவெடுக்காதீர்கள். நான்கு வாரம் ஒரே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பாடலும் பிரசங்கமும் எப்படி என்று பார்ப்பதைவிட, வழிபாடு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். புதியவர்களிடம் யாராவது பேசுகிறார்களா? வயதானவர்களை யார் காரில் ஏற்றுகிறார்கள்? ஒருவர் சொன்ன குடும்ப விஷயம் அடுத்த வாரம் ஊருக்கே தெரிந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் வேறு ஆலயம் பாருங்கள். பெண்கள் மனம்விட்டுப் பேச ஒரு பெண் இருக்கிறாரா என்பதும் முக்கியம்.

உண்மையான தோள் ஞாயிறு வழிபாட்டில் கிடைப்பதைவிட வார நாள் வீட்டு ஜெபக் கூட்டத்தில், கத்தோலிக்கர் பி.இ.சி. என்று சொல்லும் அக்கம்பக்கக் குழுவில் கிடைக்கும். எட்டுப் பத்துப் பேர், ஒருவர் வீட்டு வரவேற்பறை, ஒரு வேதப் பகுதி, கொஞ்சம் பாடல், கடைசியில் மீகூனும் தேநீரும். மூன்று நான்கு கூட்டம் போன பிறகு அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தாளிலிருந்து ஒரு தோள் வரியைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "எனக்காக ஜெபியுங்கள்" என்பதோடு ஒரு திட்டமான உதவியையும் கேளுங்கள்: "வியாழக்கிழமை ஒரு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக முடியுமா?" பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

ஐந்தாவது படி: குற்ற உணர்வும் கசப்பும்

எழுதிய தாளில் வெளியே சொல்ல முடியாத ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். நீங்கள் செய்தது ஒன்று, உங்களுக்குச் செய்யப்பட்டது ஒன்று.

செய்ததை அறிக்கையிடுங்கள். 1 யோவான் 1:9 பாவங்களை அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிக்க அவர் உண்மையுள்ளவர் என்கிறது. கத்தோலிக்கருக்குக் குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் உண்டு; திருமுழுக்குப் பெறாதவர்களும் குருவானவரிடம் நேரம் கேட்டுத் தனியாகப் பேசலாம். திருப்பிக் கொடுக்க முடிந்ததைத் திருப்பிக் கொடுங்கள். லூக்கா 19-இல் சகேயு ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாக எழுந்து நின்று சொன்னான். மனந்திரும்புதலுக்கு ஒரு கணக்கும் இருந்தது. அதன் பிறகும் அதே பாவத்தைத் தினமும் அறிக்கையிட்டுக்கொண்டிருந்தால், மன்னிக்கப்பட்டதை நம்ப மறுக்கிறீர்கள். ஒருவரிடம் சொல்லி, "உனக்கு மன்னிப்பு உண்டு" என்று அவர் வாயால் கேட்பது பலருக்கு அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

உங்களுக்குச் செய்யப்பட்டதை மன்னிப்பது நேரம் எடுக்கும் வேலை. முதலில் என்ன நடந்தது என்று மழுப்பாமல் எழுதுங்கள். "அண்ணன் சரியில்லை" என்று விடாமல், "அப்பா இறந்த பிறகு வீட்டை விற்று என் பங்கைத் தரவில்லை" என்று எழுதுங்கள். பழிவாங்கும் உரிமையை ஆண்டவரிடம் கொடுங்கள். சட்டப்படி கேட்க வேண்டியது இருந்தால் அதைக் கேட்பதை மன்னிப்பு தடுக்காது. மத்தேயு 18:22-இல் எழுபது தரம் ஏழு என்று இயேசு சொன்னதை, ஒரே காயத்தை மனத்தில் எத்தனை முறை மன்னிக்க வேண்டியிருக்கும் என்பதற்கும் எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ அவரை மறுபடி பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கும். மன்னிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

அடி வாங்கும் பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறோம். மன்னிப்பதும் திரும்பிப் போய் அதே வீட்டில் அடி வாங்குவதும் ஒன்றில்லை. "சிலுவையைச் சுமந்துகொள் அம்மா" என்று யார் சொன்னாலும், மேடையில் நிற்பவரே சொன்னாலும், கேட்காதீர்கள். உடனடி ஆபத்தில் 999. அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999. பெண்கள் உதவி அமைப்பு 03-3000 8858. முதலில் பாதுகாப்பான இடம், ஆலோசனை பிறகு.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள்

1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான்; எலியா மறுபடி தூங்கினார்; இரண்டாம் முறையும் சாப்பாடு வந்தது. அதற்குப் பிறகுதான் மலைக்கு நடந்தார், மெல்லிய சத்தத்தைக் கேட்டார். பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலை, அதற்குமேல் ஓவர்டைம், நடுவில் மூன்று மணி நேரத் தூக்கம் என்று ஓடுபவரின் பாரத்தில் ஒரு பங்கு தூக்கமின்மைதான். உபவாச ஜெபத்துக்கு முன்னால் அவருக்கு இரண்டு இரவு நல்ல தூக்கம் வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை, எதிலும் ஆசையில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. மருத்துவர் மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று சொல்பவரிடம் ஜெபத்துக்குத் தலை கொடுக்காதீர்கள். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸுக்குப் பயந்து யாரும் மௌனமாக இருக்க வேண்டியதில்லை.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஞாயிறு வேலை என்றால் வேறு நாள். ஒரு முழு நாள் கிடைக்காவிட்டால் ஆறு மணி நேரத்தில் தொடங்குங்கள்: வேலைக் குழு வாட்ஸ்அப் மூடி, கணக்கு வழக்குப் பேசாமல்.

வீட்டில் மற்றவர்கள் வேறு வழியில் இருந்தால்

வீட்டில் முருகன் படம் இருக்கிறது, நீங்கள் மட்டும் ஆலயத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு எதையும் அகற்றாதீர்கள், தைப்பூசத்துக்குக் கிளம்பும் அம்மாவிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். விடுதலை கிடைத்தவர் வீட்டில் முன்பைவிட மரியாதையாக, பொறுப்பாக, குடிக்காமல் இருக்கிறார் என்பதை அவர்கள் முதலில் பார்க்கட்டும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பூசையில் எதில் கலந்துகொள்வது, எதில் ஒதுங்கி நிற்பது என்பதைச் சபை மூப்பர் ஒருவரோடு பேசி முடிவு செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் மதத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான் தீர்மானிப்பார்கள் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் விதி சொல்கிறது. இளையோர் காத்திருக்கட்டும், சபைகளும் அவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

ஞானஸ்நானத்துக்கும் அவசரம் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் புகுமுகத் தயாரிப்பு வகுப்பு பல மாதங்கள் நடந்து, பெரும்பாலும் பாஸ்கா (ஈஸ்டர்) இரவுத் திருவழிபாட்டில் திருமுழுக்கில் முடியும். மற்றச் சபைகளிலும் ஆயத்த வகுப்பு உண்டு. ஒரே கூட்டத்தில் கையைத் தூக்கி அடுத்த வாரம் தண்ணீரில் இறங்கியவர்கள் பலர், முதல் சோதனையிலேயே யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து

தாளை மறுபடி எடுங்கள். சில வரிகள் அடிக்கப்பட்டிருக்கும். சில இடம் மாறியிருக்கும்: கை என்று நினைத்தது பாதமாக இருக்கும், பாதம் என்று விட்டது உண்மையில் நீங்கள் தள்ளிப்போட்ட ஒரு வேலையாக இருக்கும். மாற்றி எழுதுங்கள். சில வரிகள் அப்படியே இருக்கும். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் கிடைத்தது. நீங்காத வரிக்குப் பக்கத்தில் 2 கொரிந்தியர் 12:9 என்று எழுதிவையுங்கள், ஆனால் அதோடு அதற்கு ஒரு தோளையும் தேடுங்கள். பவுல் அந்த முள்ளோடு தனியாகப் பயணம் செய்யவில்லை. கூடவே லூக்காவும் தீமோத்தேயுவும் இருந்தார்கள்.

புதிய தாளை மாதத்தின் முதல் வாரத்தில், சம்பளம் வந்து தவணைகள் போன பிறகு எழுதுங்கள். கையில் இருக்கும் காசும் மனத்தில் இருக்கும் சுமையும் அப்போதுதான் சரியாகத் தெரியும்.